முரட்டுக் காப்பியில் மென்சுவை

காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்கு உங்களை வீட்டிலிருந்து அனுப்பியிருந்தால், கடைக்காரர் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரிந்திருக்கும். "பீபெரியா, பிளான்டேஷனா? சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்பார். அந்தக் கடையில் மூன்றாவதாக ஒரு டப்பாவும் உண்டு. அதன்மேல் ரோபஸ்டா என்று எழுதியிருக்கும். அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவோர் மிகக் குறைவு. டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்பவர்களுக்காக அதில் ஒரு பங்கைக் கலப்பது வழக்கம்.

இப்படிப் பின்வரிசையில் நிற்கும் ரோபஸ்டாதான் இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு என்றால் நம்புவீர்களா? கர்நாடகத்தின் குடகு, சிக்மகளூர் மாவட்டங்களிலும், கேரளத்தின் வயநாட்டிலும், நமது நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்திலும் அது பெருமளவில் விளைகிறது. இந்த முரட்டு இனத்திலிருந்து மென்சுவையுள்ள காப்பியைப் பெற முடியுமா? முடியும் என்று காட்டிய ஒரு செடியைப் பற்றியும், கிடைத்த சுவையைக் கைநழுவாமல் வைத்துக் கொள்வதில் உள்ள விசித்திரமான சிக்கலைப் பற்றியும் இங்கே பார்ப்போம். நான் இயற்பியல் கற்பிப்பவன். தாவரவியல் என் துறையன்று. ஆனால் ஒரு தோட்டத்தில் நின்று இந்தச் சிக்கலைக் கேட்ட பிறகு அது என்னை விடவே இல்லை.

துருவால் வந்த செடி

ஒரு காலத்தில் தோட்டங்களில் அராபிகா இனம் மட்டுமே பெரும்பாலும் பயிராயிற்று. 1869-ஆம் ஆண்டு இலங்கையில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படிவதைக் கண்டார்கள். இரும்பில் துரு ஏறியது போலிருந்ததால் அதற்கு இலைத்துரு நோய் என்று பெயர் வந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் காளான் வகை உயிரி இதற்குக் காரணம். இலை உதிரும், இலை இல்லாத செடி காய்க்காது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அநேகமாக அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறிற்று. தமிழ்நாட்டிலிருந்து காப்பி பறிக்கச் சென்றவர்களின் பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் ஆனார்கள். ஜாவா தீவிலும் இதே நோய் புகுந்தது.

அப்போதுதான் ஆப்பிரிக்காவின் காங்கோ காடுகளிலிருந்து இன்னொரு காப்பி இனம் வெளியே வந்தது. 1900-ஆம் ஆண்டையொட்டி பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்த ஒரு நாற்றுப் பண்ணையின் வழியாக அது ஜாவாவை அடைந்தது. துரு நோய் அதை வீழ்த்த முடியவில்லை. உறுதியானது என்னும் பொருளில் அதற்கு ரோபஸ்டா என்ற வணிகப் பெயர் நிலைத்தது. தாவரவியலார் சொல்லும் பெயர் காஃபியா கேனிஃபோரா.

உறுதி இருந்தது, சுவை இல்லை. அராபிகாக் கொட்டையில் காஃபீன் ஏறத்தாழ 1.2 சதவிகிதம், ரோபஸ்டாவில் 2.2 சதவிகிதம் வரை. காஃபீன் கசக்கும். துவர்ப்பையும் கசப்பையும் தரும் குளோரோஜெனிக் அமிலங்களும் ரோபஸ்டாவில் அதிகம். வறுக்கும்போது மணமாக மாற வேண்டிய சர்க்கரையும் எண்ணெய்ச் சத்தும் குறைவு. செடிக்கு இதில் நஷ்டமில்லை. பூச்சிகளுக்குக் காஃபீன் நஞ்சு என்பதால், நம் நாக்குக்குப் பிடிக்காத அந்தக் கசப்பே செடிக்குக் கவசமாகிறது.

ஆற்றங்கரை உறவினன்

அராபிகாவையும் ரோபஸ்டாவையும் இணைத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் குரோமோசோம் கணக்கு குறுக்கே நிற்கிறது. அராபிகாவில் 44 குரோமோசோம்கள், ரோபஸ்டாவில் 22. பிறக்கும் பிள்ளைக்கு 22-ம் 11-ம் சேர்ந்து 33 வரும். அவை ஜோடி சேர முடியாததால் அந்தச் செடி பெரும்பாலும் மலடாகும். திமோர் தீவில் இயற்கையாகவே ஒரு கலப்பினம் தோன்றிப் பிழைத்தது அபூர்வமான விதிவிலக்கு.

ஆகவே 22 குரோமோசோம்களே உள்ள வேறொரு உறவினனைத் தேட வேண்டியிருந்தது. காங்கோ ஆற்றின் கரைகளிலும், வெள்ளத்தில் மூழ்கி எழும் அதன் தீவுகளிலும் காஃபியா காங்கென்சிஸ் என்னும் சிறு புதர் வளர்கிறது. அதன் இலைகள் சிறியவை, குறுகலானவை. அதன் காப்பிக்கு மென்சுவை உண்டு. ஜாவாவில் இதை ரோபஸ்டாவுடன் கலந்து பெற்ற செடிகளைக் காங்கஸ்டா என்றார்கள். நம் நாட்டில் சிக்மகளூர் மாவட்டத்து பாளேஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் இதே ஜோடியை இணைத்தார்கள். 1925-இல் அன்றைய மைசூர் அரசு தொடங்கிய நிலையம் அது. இன்று காப்பி வாரியத்தின் மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

முதற்கலப்பில் வந்த செடியோடு அவர்கள் நிற்கவில்லை. அதை மறுபடியும் ரோபஸ்டாவுடன் இணைத்தார்கள். இதற்குப் பிற்கலப்பு என்று பெயர். முதற்கலப்பில் ஆற்றங்கரைச் செடியின் பங்கு பாதி. பிற்கலப்பில் அது சராசரியாகக் கால் பங்கு ஆகிறது. மீதி முக்கால் பங்கு ரோபஸ்டா. விளைச்சலும் உறுதியும் கெடாமல் சுவையை மட்டும் கொஞ்சம் உள்ளே நுழைக்கும் தந்திரம் இது. சாம்பாரில் வெல்லத்தைக் கிள்ளிப் போடுவதைப் போல. இப்படி உருவானதே சி × ஆர். காங்கென்சிஸ், ரோபஸ்டா என்னும் சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளே அந்தப் பெயர். தேர்வு 3 ஆர் என்றும் குறிப்பிடுவர்.

இதன் புதர் அடக்கமானது. வழக்கமாகப் பயிரிடும் எஸ் 274 என்னும் ரோபஸ்டாவுக்கு வரிசைக்கு வரிசை, செடிக்குச் செடி 3 மீட்டராவது இடைவெளி வேண்டும். சி × ஆருக்கு 2.5 மீட்டர் போதும். ஒரு ஹெக்டேரில் எத்தனை செடி நிற்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்: முன்னதில் சுமார் 1,110, பின்னதில் 1,600. கொட்டை பெரியது. கோப்பையில் கடுமை குறைந்து மென்மை கூடுகிறது.

வரிசையில் நின்ற அந்நியர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில், சிக்மகளூர்ப் பக்கம் நண்பரின் மாமா வைத்திருக்கும் தோட்டத்துக்குப் போயிருந்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். சி × ஆர் என்று சொல்லி ஒரு நாற்றுப் பண்ணையில் கன்றுகள் வாங்கி, நான்கு ஏக்கரில் நட்டு, ஐந்து ஆண்டுகள் வளர்த்திருந்தார். வரிசையோடு நடந்தபோது எனக்கு எல்லாம் காப்பிச் செடியாகவே தெரிந்தன. தோட்டத்து மேஸ்திரி தருமபுரிக்காரர். அவர்தான் ஓர் இலையைப் பறித்து என் கையில் வைத்தார்.

"இதைப் பாருங்க சார், ஒடுக்கமா இருக்கு. இது நிஜமான சி ஆர். அடுத்த செடியைப் பாருங்க, இலை முறம் மாதிரி. மூணுல ஒண்ணு இப்படித்தான் நிக்குது."

பெரியவர் அதிகம் பேசவில்லை. "நட்ட அன்றே தெரிந்திருந்தால் பிடுங்கிப் போட்டிருப்பேன். காய்த்த பிறகல்லவா கொட்டையைப் பார்க்கிறோம்" என்றார். காப்பிச் செடி முதலில் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை போட்ட உரமும் கூலியும் திரும்பி வராது.

பண்ணைக்காரர் ஏமாற்றினாரா? அப்படியும் இருக்கலாம். ஆனால் ஏமாற்றாமலேயே இது நடக்கக் கூடும் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அராபிகாப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ஆகவே விதையில் பிறப்பது ஏறக்குறைய தாயைப் போலவே இருக்கும். ரோபஸ்டாவும் காங்கென்சிஸும் அப்படியல்ல. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனங்கள் அவை. ஒவ்வொரு மரமும் இரண்டு அடையாளச் சீட்டுகளை வைத்திருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். அதன் மகரந்தத் தூள் ஒவ்வொன்றும் அவற்றுள் ஒரு சீட்டை எடுத்துக் கொண்டு புறப்படுகிறது. சூல்முடியில் விழுந்ததும் தூளிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கீழ்நோக்கி வளரத் தொடங்கும். அந்தப் பூவின் மரத்திடம் அதே சீட்டு இருந்தால் குழாய் வழியிலேயே நின்று விடும். வேறு சீட்டு என்றால் மட்டுமே சூல்வரை செல்ல அனுமதி. சொந்த மரத்தின் தூள் எதைக் கொண்டு வந்தாலும் அது தாயிடம் இருப்பதுதானே? எனவே நுழைய முடியாது.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு நல்ல சி × ஆர் மரத்தில் ஆயிரம் பழம் பறித்தால், ஆயிரத்துக்கும் தந்தை வேறு ஏதோ ஒரு மரம். மகரந்தம் இலேசானது. காற்று கொண்டு போகும். மலைத்தேனீயும் கொண்டு போகும். வேலிக்கு அப்பால் பழைய ரோபஸ்டாத் தோட்டம் இருந்தால் அதிலிருந்தும் வரும். அப்படிப் பிறந்த விதையில், பாடுபட்டு நுழைத்த கால் பங்கு இன்னும் கரைந்து அரைக்கால் பங்காகிறது. சில தலைமுறை போனால் பெயர் மட்டும் சி × ஆர். செடி பழைய முரடன்தான்.

இன்னொரு வியப்பும் உண்டு. நாம் அரைத்துக் குடிக்கும் கொட்டை எது? அது விதையின் முளைசூழ்தசை. முளைக்கும் கருவுக்காகத் தாய் வைத்த உணவு. பூக்கும் தாவரங்களில் இந்தத் தசையும் கருவுறுதலால் உண்டாவதே. ரோபஸ்டாக் கொட்டையின் ஒவ்வொரு உயிரணுவிலும் தாயிடமிருந்து 22, தந்தையிடமிருந்து 11, ஆக 33 குரோமோசோம்கள். உங்கள் டம்ளரில் இறங்கும் காப்பியில் முகம் தெரியாத அந்தத் தந்தைக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு.

மழையும் மலரும்

நான் போயிருந்த சமயம் பூக்கும் காலம். மழைக்காலம் முடிந்ததும் இலைக் காம்புகளின் இடுக்கில் மொட்டுகள் தோன்றி, ஓரளவு வளர்ந்து, அப்படியே உறங்கி விடுகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை மழை பெய்தால் அவை விழித்துக் கொள்ளும். சுமார் ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து மல்லிகைத் தோட்டம் போல் மணக்கும். நீண்ட வறட்சியும், அதன் பின் திடீரென நீர் கிடைப்பதும் இரண்டுமே வேண்டும். தோட்டக்காரர்கள் இதைப் பூ மழை என்கிறார்கள்.

மழை தவறினால் நீர் தெளிப்பான்தான் கதி. 1 ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். அப்படியானால் 25 மில்லிமீட்டருக்கு ஈடு செய்ய 2,50,000 லிட்டர் இறைக்க வேண்டும். கோடையில் அந்த நீரை எங்கே தேடுவது? அதற்காகவே பல தோட்டங்களில் பள்ளத்தில் ஏரி வெட்டி மழைநீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பூ விரிந்த நாளன்றே மழை வந்தால் கேடு. மகரந்தத் தூளின் உள்ளே செறிவான கரைசல் இருக்கிறது. தூய நீர் படும்போது சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து, தூள் வீங்கி வெடித்து விடும். வெடிக்காதது கழுவிக் கொண்டு போகும். பிற மரத்து மகரந்தத்தையே நம்பியிருக்கும் ரோபஸ்டாவுக்கு இந்த ஓரிரு நாள் தவறினால் அந்த ஆண்டே தவறியது போல. பெரியவர் அன்று காலையிலிருந்து மேற்கே மேகத்தையே பார்த்துக் கொண்டிருந்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பயிரிடும் முறையில் மற்றவை சுருக்கமாகச் சொல்லக் கூடியவையே. கடல்மட்டத்திலிருந்து 500 முதல் 1,000 மீட்டர் உயரமும், 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ரோபஸ்டாவுக்கு ஏற்றவை. விதையைத் தட்டையான பக்கம் கீழிருக்கும்படி டிசம்பர், ஜனவரியில் பாத்தியில் ஊன்றுவார்கள். சுமார் ஒன்றரை மாதத்தில் தண்டு நிமிர்ந்து, விதையையே தொப்பிபோல் தலையில் தூக்கிக் கொண்டு வரும், பார்க்க வேடிக்கையாயிருக்கும். தொப்பி கழன்று இரண்டு வட்ட இலை விரிவதற்குள் பைகளுக்கு மாற்றி, அடுத்த மழைக்காலங்களில் நடுவார்கள். சில்வர் ஓக், கல்யாண முருங்கை போன்றவை நிழலுக்கு நிற்கும். அவற்றின்மேல் மிளகு படரும். செடியைச் சுமார் 4 அடி உயரத்தில் கிள்ளிவிட்டுப் பக்கக் கிளைகளை வளர்ப்பார்கள். பெயர்தான் உறுதியே தவிர, ரோபஸ்டாவின் உணவு தேடும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால் வறட்சி அதை எளிதில் வாட்டும். எனவே அடியில் சருகு மூடாக்கு அவசியம்.

பழம் பறித்த பிறகு

நல்ல செடியின் சுவையைக் களத்திலேயே கெடுத்துவிடவும் முடியும். ரோபஸ்டாப் பழம் பூத்துப் பத்துப் பதினோரு மாதத்தில் பழுக்கும். பழுத்ததும் அராபிகாவைப் போல உதிராமல் கிளையிலேயே ஒட்டிக் கொண்டிருக்கும். இந்த நல்ல குணமே மனிதனைச் சோம்பேறியாக்குகிறது! காய், பழம், வற்றல் எல்லாவற்றையும் ஒரே நாளில் உருவி, மண் களத்தில் கொட்டிக் காய வைத்துவிடுவதுண்டு. ரோபஸ்டாவின் கெட்ட பெயரில் ஒரு பங்கு இங்கே சம்பாதித்ததுதான். மரத்தில் விட்டுப் போன பழங்கள் காய்த்துளைப்பான் வண்டுக்கும் வீடாகின்றன. 1990-இல் கூடலூரில்தான் இந்த வண்டு இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது.

நல்ல சி × ஆரில் சிவந்த பழத்தை மட்டும் பல சுற்றுகளாகப் பறிக்கிறார்கள். பறித்ததைத் தொட்டி நீரில் கொட்டினால் கனமான பழம் மூழ்கும். வண்டு குடைந்ததும் பொக்கும் மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் இல்லை. அன்றே தோலை உரித்தால் கொட்டையின்மேல் வழவழப்பான பசை இருக்கும். அராபிகாவில் 24 முதல் 36 மணி நேரத்தில் அது நொதித்துக் கழன்றுவிடும். பசை தடிப்பான ரோபஸ்டாவுக்கு 72 மணி நேரம்கூட ஆகும். அதிகமாக நொதித்தால் புளிப்பு நாற்றம் ஏறும் என்பதால், இப்போது பலர் எந்திரத்தில் தேய்த்தே பசையை எடுத்துவிடுகிறார்கள். பிறகு ஈரம் சுமார் 10 சதவிகிதம் ஆகும்வரை காய வைக்க வேண்டும். எப்படி அளப்பது? ஒரே அளவுள்ள படியில் நிரப்பி நாள்தோறும் எடை பார்ப்பார்கள். எடை மாறாமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தில் அந்த எடைகள் வரிசையாக இருந்தன. வரைபடத் தாளில் குறித்திருந்தால் என் மாணவர்கள் வரையும் குளிர்தல் வளைகோட்டைப் போலவே இருந்திருக்கும்.

கிளையா, போத்தா?

இனி விட்ட இடத்துக்கு வருவோம். விதை தாயைப் போலிராது என்றால், கிளையை வெட்டி நட்டால் என்ன? நல்ல யோசனைதான்; ஆனால் இரண்டு கண்ணிகள் உண்டு.

முதலாவது, எந்தக் கிளை என்பது. காப்பிச் செடியின் பக்கக் கிளையை வெட்டி வேர்விடச் செய்தால் அது மரமாக நிமிராது. தரையோடு பக்கவாட்டிலேயே படர்ந்து கொண்டிருக்கும். தான் பக்கக் கிளை என்பதை அது மறப்பதே இல்லை! நேராக மேலெழும் போத்திலிருந்து எடுத்த துண்டுதான் நேரான செடியாகும்.

இரண்டாவது கண்ணி பெரியது. தோட்டத்திலேயே சிறந்த ஒரு மரத்தைத் தேர்ந்து, அதன் போத்துகளைக் கொண்டே நான்கு ஏக்கரும் நட்டால் என்ன ஆகும்? அத்தனை செடிகளும் ஒரே மரத்தின் நகல்கள். அத்தனையிடமும் அதே இரண்டு சீட்டுகள். ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று ஏற்காது. வெளியிலிருந்து தூள் வந்தாலொழிய, பூத்துக் குலுங்கும், காய்க்காது.

ஆகவே நல்ல தாய் மரங்கள் பலவற்றைத் தேர்ந்து, அவற்றின் நகல்களைக் கலந்து நட வேண்டியிருக்கிறது. அப்போது தந்தை எது என்று தெரியாவிட்டாலும், அது நல்ல குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உறுதி. விதை வேண்டுமென்றாலும், சாதாரண ரோபஸ்டாவிலிருந்து விலகி இப்படி அமைத்த தோட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முறம் இலைச் செடிகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று பெரியவரைக் கேட்டேன். சரிவின் கீழ்க்கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே சில செடிகளைத் தரைக்குச் சற்று மேலே வெட்டியிருந்தார்கள். முந்தைய ஆண்டு வெட்டியவற்றில் போத்துகள் கிளம்பி, அவற்றின் நுனியைப் பிளந்து சி × ஆர் குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கட்டியிருந்தது. ஐந்து ஆண்டு வேர் கீழே அப்படியே இருப்பதால், புதுக் கன்று நடுவதைவிட இது விரைவில் காய்க்குமாம். ஒவ்வொரு கட்டையிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் எழுதியிருந்தது. குச்சி எந்தத் தாய் மரத்திலிருந்து வந்தது என்பதற்கான எண் அது. 4, 9, 2, 7, 4, 11 என்று போயிற்று. மேஸ்திரி முன்னே நடந்து, அடுத்தடுத்த கட்டைகளில் ஒரே எண் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொண்டே போனார்.